வண்டியும் பந்தியும்

கடல் வழியாகச் சென்னப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த பழைய காலத்துப் பிரயாணிக்கு, மாதக்கணக்காகக் கப்பலில் கிடந்து அலுத்து, கோட்டை மதிலையும் அதன் மேல் பறக்கும் கொடியையும் கண்ணாரக் கண்ட பிறகும், கரையில் கால் வைப்பதற்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு காரியம் பாக்கி இருந்தது. இவ்வூருக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல் வெகு தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்த மசூலாப் படகுகள் கரையிலிருந்து போய், ஆட்களையும் சாமான்களையும் இறக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக உடைகிற அலைகளைச் சமயம் பார்த்துத் தாண்டி, மணலில் கொண்டுவந்து சேர்க்கும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவதற்குக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவதும் உண்டு. 1861-இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீட்டப்பட்டது. துறைமுகம் கட்டும் வேலை 1870-களில் தொடங்கி, 1881-ஆம் ஆண்டுப் புயலில் பெரும்பகுதி நொறுங்கி, மறுபடியும் எழுந்து, அந்த நூற்றாண்டு முடிகிற தறுவாயிலேதான் ஒருவாறு உருப்பெற்றது. அதுவரையில் பட்டணப் பிரவேசம் என்பது பெரும்பாலும் நனைந்த துணியோடுதான்.

அப்படி நனைந்து நிற்கிற மனிதனை எதிர்கொள்ள, இரு பாஷை அறிந்த தரகர்களான துபாஷிகள் கரையில் காத்திருப்பார்கள். தங்குவதற்கு வீடு, ஏறுவதற்குப் பல்லக்கு, சமைப்பதற்கு ஆள், சமையலுக்குச் சாமான், கைச்செலவுக்குக் கடன் ஆகிய அனைத்தையும் ஒரே ஆளாக நின்று ஏற்பாடு செய்துவிட்டு, ஒவ்வொன்றிலும் தமக்குரிய கழிவை எடுத்துக்கொண்ட இந்தத் துபாஷிகளையே இந்நகரத்தின் முதல் வழிகாட்டிகள் என்று சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் எவ்வளவு வருமானமுள்ளது என்பதற்கு, நாற்பது வயதில், 1794-இல், காலஞ்சென்ற பச்சையப்ப முதலியாரின் சொத்தே போதிய சாட்சி. துபாஷியாக இருந்து அவர் ஈட்டிய பொருள்தான் கோயில் கட்டளைகளாகவும், பின்னாளில் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் ஆயிற்று.

புதிதாக ஒரு பெருநகரத்தில் வந்து இறங்குகிறவன் கேட்கும் கேள்விகள் எக்காலத்திலும் இரண்டுதான்: எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது. இவ்விரண்டுக்கும் சென்னை நகரம் காலத்துக்குக் காலம் சொல்லிவந்த விடைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலனாகும். முதல் கேள்விக்கு விடை சொல்வதில் இந்நகரம் வெகு சுறுசுறுப்பு; தேசத்தில் வேறெங்கும் இல்லாத வண்டியைக்கூட இங்கே முதலில் ஓட்டிக் காட்டியது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதிலோ அதற்கு அசாத்தியத் தயக்கம், 'நீ யார்?' என்று திருப்பிக் கேட்ட பிறகே இலை போட்டது. வண்டியிலே தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்த ஜனங்களுக்கு, இறங்கிய இடத்தில் ஒரே பந்தியில் உட்காருவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது.

நடப்பதற்கே இங்கு ஒரு காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. கறுப்பர் பட்டணம் என்று வெள்ளைக்காரர் அழைத்த பகுதியில் வலங்கையார், இடங்கையார் என்ற இரு ஜாதிப் பிரிவாரும், யாருடைய கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் ஓயாமல் சச்சரவிட்டுக்கொண்டிருந்தனர். 1707-இல் அந்தச் சண்டை முற்றியபோது, கவர்னர் தாமஸ் பிட் வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன் பேட்டை, இடங்கையாருக்கு முத்தியாலுப்பேட்டை என்று பிரித்து எல்லை வகுக்க வேண்டியதாயிற்று. இன்று பூக்கடை ஜனநெரிசலில் யார் காலை யார் மிதித்தார் என்று கேட்க நேரமில்லாமல் நடக்கிறவர்களுக்கு, அதே தெருக்களில் ஒரு திருப்பத்தைத் தாண்டினால் கலகம் மூளும் என்றிருந்த காலம் கட்டுக்கதை போலத் தோன்றக்கூடும்.

ஓட்டல் என்ற ஒன்று ஏற்படுவதற்கு முன்னால் வெளியூர்க்காரர் இங்கு வந்து எங்கே சாப்பிட்டார்? உறவினர் வீட்டில் சாப்பிட்டார். உறவினர் இல்லையேல் தம் ஜாதியார் நடத்திய சத்திரத்தில் சாப்பிட்டார். அதுவும் இல்லையேல் கட்டுச்சோற்றை அவிழ்த்தார், அல்லது மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தார். ஹைதர் அலியின் படையெடுப்பால் உண்டான பஞ்சத்தின்போது, 1782-இல், ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காகத் தொடங்கிய மணியகாரர் சத்திரம் இருந்த இடம், வடசென்னை ஜனங்களின் நாவில் நெடுநாள் வரையில் கஞ்சித்தொட்டி என்றே வழங்கிற்று. அங்கே எழுந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிரயாணிக்குத் தேவையான யோசனைகளை முறையாக எழுதிவைத்த முதல் சென்னைவாசிகளில் ஏனுகுல வீராசாமி என்பவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அக்காலத்துச் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், 1830-இல் பரிவாரத்தோடு பல்லக்கில் புறப்பட்டுக் காசி போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்து, தெலுங்கில் எழுதிய யாத்திரைக் குறிப்பில், எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எந்த ஊரில் சாமான் அகப்படும், எங்கே தங்கலாம் என்பவற்றையெல்லாம் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். சாப்பாட்டுக் கடை என்று ஒன்று வழியில் இருக்குமா என்பது அவருடைய கவலையே அன்று. சமையற்காரனும் பாத்திரமும் கூடவே வரும்போது அவருக்கு வேண்டியது அரிசியும் விறகும்தான்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் குலைத்தது ரயில். 1856 ஜூலை மாதம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பிரயாணிகள் புகைவண்டி ஓடத் தொடங்கியது. ஆசாரம் பார்க்கும் இத்தேசத்து ஜனங்கள் கண்டவர்களோடு ஒரே பெட்டியில் ஏற இசைவார்களா என்று சந்தேகப்பட்ட துரைமார் பலர். அந்தச் சந்தேகத்துக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கும் கூட்டமே பதில் சொல்லிவிட்டது. பல நாள் நடையை ஒரு பகலில் கடத்திவிடுகிற வண்டிக்கு முன்னால் ஆசாரம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது மூடியது ஒரு கண்ணைத்தான். பக்கத்தில் இருப்பவன் யார் என்று காட்பாடி வரையில் கேட்காத மனிதர், பசி வந்து புளிச்சோற்று மூட்டையை அவிழ்க்கும்போது மட்டும் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ஸ்டேஷன்களில் ஏற்பட்ட சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், இதராளுக்கு ஓர் இடம் என்ற தடுப்பு வந்து நிலைத்தது. ஒரே வண்டியில், ஒரே வகுப்பில், ஒரே கட்டணம் கொடுத்து வந்தவர்கள், வண்டி நிற்கிற சில நிமிஷங்களுக்கு மட்டும் வேறு வேறு வாசல்களில் நுழைந்து வெளியே வந்தார்கள்.

ரயில் வெளியூருக்குச் செய்ததை ஊருக்குள் செய்தது டிராம். குதிரை இழுக்காமல், நீராவி தள்ளாமல், மின்சாரத்தால் ஓடும் டிராம் வண்டி 1895 மே மாதம் 7-ஆம் தேதி சென்னையில் ஓடத் தொடங்கியபோது, கல்கத்தாவிலும் பம்பாயிலும் இன்னும் குதிரைகளே டிராமை இழுத்துக்கொண்டிருந்தன. முதலில் மின்சாரத்தைத் தரைக்குள் கால்வாய் வெட்டி அதன் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சென்னையின் ஐப்பசி மழை அந்தக் கால்வாயை நிரப்பிப் பாடம் கற்பித்தது. அப்புறம் கம்பி தலைக்கு மேலே போயிற்று. துறைமுகத்தையும் கோட்டையையும் சுற்றியிருந்த கச்சேரிகளுக்கும் வியாபார ஸ்தலங்களுக்கும், புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகிய குடியிருப்புகளுக்கும் இடையே அது மணி அடித்துக்கொண்டு ஊர்ந்தது. வேகம் என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜட்கா வாடகையும் ரிக்‌ஷா பேரமும் இல்லாமல், சில காசுக்கு நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகலாம் என்ற நிலைமையைச் சாமானிய ஜனங்களுக்கு முதன்முதலில் உண்டாக்கியது அதுதான். அதற்கு முன்பு குமாஸ்தாவின் வீடு அவன் கால் எட்டுகிற தூரத்தில் இருந்தாக வேண்டும். டிராம் வந்த பிறகு அந்த நிர்ப்பந்தம் போயிற்று.

வீடு தூரமானவுடனே வயிற்றின் கடிகாரமும் மாறியது. பத்து மணிக்குக் கச்சேரியில் இருந்தாக வேண்டும் என்பதற்காக, உச்சிவேளையில் உண்ண வேண்டிய குழம்பு ரசம் மோர்ச் சாதத்தைக் காலை எட்டரை மணிக்கே முடித்துக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு டிராமுக்கு ஓடுகிற ஒரு ஜாதி மனிதர் இந்நகரத்தில் தோன்றினர். காலையில் இலை போட்டுச் சாப்பிட்டவருக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்குத் திரும்ப முடியாது. கட்டி எடுத்துவந்த தயிர்சாதமும் அலுத்துப் போகும். அந்த மூன்று மணிப் பசிக்கென்றே பிறந்தவை காப்பி கிளப்புகள். பிராட்வே, தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு ஆகிய இடங்களில், டிராம் நிற்கிற முனைகளை அடுத்து, இட்டலியும் ரவா தோசையும் டவராவில் ஆற்றிய காப்பியும் தருகிற கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. காப்பி குடிப்பதைக் கள் குடிப்பதற்கு அடுத்த பாவமாகக் கருதிக் கண்டித்த பெரியோர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டிலேயே அதற்குள் காப்பிக்கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

இந்தக் கடைகளைப் பெருந்தொழிலாக ஆக்கியவர்கள் பெரும்பாலும் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தென் கன்னட ஜில்லா அன்று சென்னை ராஜதானியின் ஒரு பகுதி. அங்கே நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சமையல் தெரிந்தால், ராஜதானியின் தலைநகரத்துக்கு ரயில் ஏறுவது இயல்பான காரியம். அப்படி வந்து, சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுனில் சிறிய கடை ஒன்றை நடத்தி, 1938-இல் ராயப்பேட்டையில் ஜமீன் மாளிகை ஒன்றை வாடகைக்கு எடுத்து 'உட்லண்ட்ஸ்' என்று ஓட்டல் வைத்த கிருஷ்ண ராவின் சரித்திரம் பிரசித்தமானது. உடுப்பி ஓட்டலின் வெற்றிக்குச் சுத்தம், மலிவு, சாம்பாரின் சுவை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் ஆதிகாரணம் ஒன்று உண்டு: பிராமணன் சமைத்ததை எந்த ஜாதியாரும் உண்ணலாம் என்று அன்றைய சமூகம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே அடுப்பங்கரையில் ஜாதி இருந்தால்தான் கூடத்தில் கூட்டம் சேரும். அந்தக் கூடத்திலும் தடுப்புக் கட்டி, 'பிராமணாள்', 'இதராள்' என்று பலகை தொங்கவிட்டு, பஞ்சமர் எனப்பட்டவர்களை வாசலோடு நிறுத்திவிட்டே பல கடைகள் வியாபாரம் செய்தன. எல்லா ஜாதியும் உண்ணத்தக்க சோற்றை எல்லா ஜாதியும் சேர்ந்து உண்ணக்கூடாது என்பதில் அக்காலத்தவர் முரண்பாடு எதையும் காணவில்லை.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் நகரம் தெற்கே நீண்டது. ஏரி இருந்த இடத்தில் மாம்பலத்தில் தியாகராய நகர் எழுந்துகொண்டிருந்தது; கோடம்பாக்கமும் சைதாப்பேட்டையும் பக்கத்து ஊர்கள் என்ற அந்தஸ்தை இழந்தன. ஸ்டேஷனை ஒட்டிக் கடை, கடையை ஒட்டி ஓட்டல் என்ற நியதி ரங்கநாதன் தெரு வரையில் இன்றும் மாறவில்லை.

வண்டிக்கூலியும் காப்பிக் காசும் ஒரே சட்டைப்பையிலிருந்து வர வேண்டியிருந்த ஒரு வர்க்கத்தைப் புதுமைப்பித்தனைவிட நன்றாகக் கண்டவர் இல்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையின் தொடக்கத்தில், பிராட்வே முனையில் நின்றுகொண்டிருக்கும் பிள்ளையவர்கள் போடுகிற கணக்கை நினைத்துப் பாருங்கள். டிராமில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சுமா, பஸ்ஸில் கண்டக்டரிடம் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டினால் அரைக் கப் காப்பிக்குத் தேறுமா என்பதுதான் அந்த மகத்தான சிந்தனை. திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுக்கொண்டு கடவுளே எதிரில் வந்து நிற்கிறார். அவரையும் பிள்ளை அழைத்துப் போகிற முதல் இடம் காப்பிக் கடைதான். வேடிக்கைக் கதை என்று அதைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். 1940-களின் சென்னையில் நடமாடுவது எப்படி என்பதற்கு அதைவிட நம்பகமான கையேடு எனக்குத் தெரியாது.

யுத்தமும் அதன் பின்விளைவுகளும் நகரத்தைத் திக்குமுக்காடச் செய்தன. 1941-இல் ஏழே முக்கால் லட்சமாக இருந்த ஜனத்தொகை, எல்லை விஸ்தரிப்பும் சேர்ந்து, 1951-இல் பதினான்கு லட்சத்தைத் தாண்டியது. அரிசி ரேஷனில் இருந்தது. 1952-இல் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் வரையில் ஓட்டல் முதலாளிக்கு நிம்மதி இல்லை. இத்தனை ஜனங்களையும் சுமந்துகொண்டு, நஷ்டத்தையும் சுமக்க முடியாமல், 1953 ஏப்ரலில் டிராம் நின்றேபோயிற்று. கட்டுப்படியாகவில்லை என்பது டிராம் கம்பெனியின் வாதம். அரசாங்கத்துக்கும் அதை எடுத்து நடத்தும் உத்தேசம் இல்லை. பிறகு அறுபது வருஷம் கழித்து, கோடிக்கணக்கில் செலவழித்துப் பூமியைக் குடைந்தும் பாலம் எழுப்பியும் மெட்ரோ ஓட்டியபோது, பழைய தண்டவாளங்களை அத்தனை அவசரமாகப் பெயர்த்தது புத்திசாலித்தனமா என்று யாராவது நினைத்திருந்தால் தவறில்லை.

டிராமின் இடத்தை எடுத்துக்கொண்ட பஸ், 1947 முதல் அரசாங்கத்தின் கைக்கு வந்து, 1972-இல் பல்லவன் என்ற பெயரைப் பெற்று, இந்நகரத்துக்கே உரிய ஒரு நாகரிகத்தை வளர்த்தது. வேற்றூர் பஸ்களில் கண்டக்டர் நெரிசலில் நீந்திக்கொண்டு நம்மிடம் வருவார். சென்னையில் அவர் தம் ஆசனத்தை விட்டு எழுந்திருப்பது அபூர்வம். காசுதான் அவரிடம் போக வேண்டும். முன்வாசலில் தொற்றிக்கொண்டிருப்பவர் ஒரு நோட்டை நீட்டி, "ஒரு பாரிமுனை, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்கிறார். அந்த நோட்டு மல்லிகைப்பூ வைத்த ஒரு மாணவியின் கையிலிருந்து சிமென்ட் ஒட்டிய ஒரு மேஸ்திரியின் கைக்கும், அங்கிருந்து ஜெபமாலை உருட்டுகிற ஒரு பெரியவரின் கைக்கும் மாறிக் கண்டக்டரை அடைகிறது; டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாக, ஒரு காசு குறையாமல், திரும்பி வந்து சேருகின்றன. வாங்கிக் கொடுத்தவர் யார் என்று ஒருவரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

நாணயம் இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில் தண்ணீர்த் தம்ளர் கைமாற மறுத்தது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த தடுப்பு, சுயமரியாதை இயக்கத்தாரின் இடைவிடாத கண்டனத்துக்குப் பிறகு 1941-இல் நீங்கியது. அரசியல் சட்டம் 1950-இல் உணவு விடுதிகளை எல்லோருக்கும் பொது என்று விதித்தது; 1955-இல் தீண்டாமையைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே வந்தது. ஆயினும் பலகைகள் எளிதில் இறங்கவில்லை. 1957-இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் வந்து நின்றார்கள், கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போயிற்று. ஒரு பலகைக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ராயபுரத்தில் முதல் ரயில் புறப்பட்டு அதற்குள் நூறு வருஷம் ஆகிவிட்டது என்பதை நினைத்தால், ஆர்ப்பாட்டம் தாமதமாக வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜாதி கேட்காமல் சோறு போட்ட இடங்கள் அதற்கு முன்னும் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக்கறிக் குழம்பும் மீன் வறுவலும் கிடைக்கும் மிலிட்டரி ஓட்டல்களில் கையில் காசிருந்தால் பெரும்பாலும் போதும். திருவல்லிக்கேணி முஸ்லிம் கடைகளின் பிரியாணியும், 1951-இல் மவுண்ட் ரோட்டில் திறந்த புகாரி ஓட்டலின் தேநீரும் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தன. சைவ உணவிலும், வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பத்தார் 1948-இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய ரத்னா கபேயில், இட்டலியைத் தெரியாதபடி மூழ்கடிக்கிற சாம்பாருக்காகப் பத்திரிகை ஆபீஸ் ஆட்களும் கல்லூரி மாணவர்களும் வரிசையில் நின்றார்கள். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகண்ணிகள் பறிபோய், வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்காகக் கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரில் 1969-இல் பர்மா பஜார் அமைந்தது. அவர்கள் கொண்டுவந்த பெரிய சொத்து கைப்பக்குவம்தான். சாயங்காலம் அப்பக்கத்துத் தெருக்களில் போனால், மஞ்சள் நிற நூடுல்ஸைக் கையாலேயே பிய்த்துப் போட்டு, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் இவற்றோடு பிசைந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்போடு தருகிற அத்தோ வண்டிகளைக் காணலாம். சூப் தீர்ந்தால் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

வண்டி சோற்றை முந்திக்கொண்டு போன இந்தச் சரித்திரத்தில் ஒரே ஒரு தடவை இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. கிருஷ்ண ராவின் ஓட்டலார் 1962-இல் கதீட்ரல் ரோட்டில், மரங்கள் அடர்ந்த ஒரு தோட்டத்தில், டிரைவ்-இன் என்ற புதுமையைக் கொண்டுவந்தார்கள். காரை மரநிழலில் நிறுத்தினால் தட்டு ஜன்னலுக்கு வரும். நாலைந்து தலைமுறைக்கு முன் பல்லக்கில் போன கனவானைப் போலவே, கார் வைத்திருந்தவர் இறங்காமலே சாப்பிட்டார். ஆனால் உண்மையில் அந்த இடத்தை வாழவைத்தவர்கள், கார் இல்லாமல் பஸ்ஸில் வந்து, உள்ளே ஒரு மேஜையைப் பிடித்து, ஒரு காப்பிக்கு இரண்டு மணி நேரம் இலக்கியமும் சினிமாவும் பேசிய கூட்டத்தார்தாம். 2008-இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

பெண்களின் கதை வேறு. டிராமிலும் ரயிலிலும் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்ட பிறகும், ஓட்டலில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிடுவது நெடுங்காலம் கேலிக்குரிய காட்சியாகவே இருந்தது. குடும்ப அறை என்று திரை போட்ட ஒரு மூலை இருக்கும். கணவனோ அண்ணனோ அழைத்துவந்தால் அங்கே உட்காரலாம். ஆபீசுக்குப் போகும் பெண்கள் டிபன் டப்பாவைத் தூக்கியதற்குச் சிக்கனம் மட்டும் காரணம் அன்று. 2013-இல் மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில், ஒரு ரூபாய் இட்டலியைச் சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் பெண்களே. 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் ஒருத்தி வண்டிக்கூலிக்கும் இட்டலிக்கும் இடையே கணக்குப் போடாமல் ஒரு காலைப்பொழுதைக் கழிக்க முடிந்தது என்றால், அது இந்நகரத்தின் சரித்திரத்தில் சிறிய காரியம் அன்று.

இன்று புதிதாக வருகிறவர் யாராவது யோசனை கேட்டால், பழைய குமாஸ்தாவின் கடிகாரத்தையே நான் சிபாரிசு செய்வேன். பகல் சாப்பாட்டுக்குப் பதினொன்றரை மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். சாதம் அப்போதுதான் வடித்து இறங்கியிருக்கும், ரசம் தெளிந்திருக்காது, பரிமாறுகிறவர் இன்னும் அலுத்திருக்க மாட்டார். ஒரு மணிக்குப் போனால், நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். நாம் மோருக்கு வந்துவிட்டோமா என்பதில் நம்மைவிட அவருக்கு அக்கறை அதிகம். காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையே, ஊர் பார்க்க வந்தவர் பஸ் ஏறுவது பாவம். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயில் 1931-இல் ஓடிய வழியிலேயே இன்றும் ஓடுகிறது. தெற்கு வடக்காகப் போவதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது. ஜார்ஜ் டவுனுக்குள் மட்டும் எந்த வண்டியையும் நம்பாமல் நடந்துவிடுவதே மேல். சௌகார்பேட்டைச் சந்துகளில், முறுக்குக்கு நடுவே வெள்ளரியும் தக்காளியும் சட்னியும் வைத்துத் தருகிற கடைகளை நடந்து போகிறவர்தான் கண்டுபிடிப்பார். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கூலியைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லக்குக்காரர் காலத்திலிருந்தே அது வழக்கம்.

இப்போது நிலைமை தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. சாப்பிடுகிறவர் வீட்டிலேயே இருக்கிறார். சாப்பாடு வண்டி ஏறுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தியாகராய நகரின் பெரிய ஓட்டல் எதன் வாசலிலும், நிறம் நிறமான சட்டையும் முதுகில் சதுரப் பையுமாக, கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞர் பலரைக் காணலாம். சில கடைகளில் அவர்களுக்குப் பக்கவாட்டில் தனி வழி. குளிர்சாதன அறை வழியாக வரக்கூடாது. பொட்டலம் கைக்கு வந்ததும் பறந்துவிடுகிறார்கள். அவர்கள் சாப்பிடுகிற இடம் எதிர்ச்சாரியில், வேப்பமரத்தடித் தள்ளுவண்டி. கையேந்தி பவன் என்று இந்நகரம் செல்லமாக அழைக்கும் அந்த வண்டியில் பலகையும் இல்லை, தடுப்பும் இல்லை, நாற்காலியும் இல்லை. வக்கீல் குமாஸ்தாவும் ஆட்டோக்காரரும் இவர்களுமாக நின்றபடியே, வாழையிலைத் துண்டு வைத்த எவர்சில்வர் தட்டில், எலுமிச்சைச் சாதத்துக்கு உருளைக்கிழங்கா, அப்பளமா என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரண்டு மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். தாமதமாகப் போகிறவர் பெரிய ஓட்டலுக்குத்தான் போக வேண்டும்.